முகத்தைத் திருப்பி இழுத்த மூச்சு

நான் மரத்தை அளக்கிறவன். என் தங்கை மூச்சை அளக்கிறவள். நகரத்து நெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

வீட்டில் அவளுக்குப் பெயர் அரம். அப்பா வைத்தது. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, ரம்பத்தின் பற்கள் ஏன் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகச் சாய்ந்திருக்கின்றன என்று கேட்டாள். "அது அப்படித்தான்" என்றார் அப்பா. மூன்று நாள் விடாமல் கேட்டாள். நாலாம் நாள் அப்பா ஒரு பழைய ரம்பத்தை எடுத்து, சாய்ந்த பற்களையெல்லாம் நேராகத் தட்டி, ஒரு பலகையை அவள் முன்னால் வைத்து அறுக்கச் சொன்னார். இரண்டு அங்குலம் போனதும் ரம்பம் மரத்தில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இதை மொத நாளே காட்டியிருக்கலாம்லப்பா?"

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது பொண்ணு இல்லடா, அரம். தேயுற வரைக்கும் ராவிக்கிட்டே இருக்கு."

நான் எட்டாம் வகுப்போடு அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். அவள் படித்தாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள்தான். அந்தக் கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அதை மாற்றவே மாட்டாள். நேரம் கிடைப்பதில்லையாம்.

அவளுடைய அறையை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாடியில் கடைசி. பத்தடிக்கு எட்டடி. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று. மேசையில் செங்கல் அளவுக்கு ஒரு கருவி. அதில் சொருக அட்டையால் ஆன குழல், ஒரு விரல் நீளம், ஆளுக்கு ஒரு புதுக் குழல். வருகிறவர்கள் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, குழலை உதட்டால் இறுக்கி மூடி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதினால் மட்டும் போதாது. ஆறு நொடிக்குக் குறையாமல், நெஞ்சு ஒட்டிப்போகும் வரை விடாமல் ஊத வேண்டும். அப்படி மூன்று தடவை சரியாக வந்தால்தான் கருவி ஒத்துக்கொள்ளும். எவ்வளவு காற்று வெளியே வருகிறது, முதல் நொடியில் எவ்வளவு வருகிறது என்பதை வைத்து, உள்ளே குழாய்கள் எவ்வளவு குறுகியிருக்கின்றன என்று சொல்லிவிடுவாள்.

ஆட்களை ஊத வைப்பதுதான் அங்கே பெரிய வேலை. "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்!" என்று அவள் போடும் சத்தம் நடைபாதைக் கோடி வரை கேட்கும். லிஃப்ட் ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து, "ஓ, ஊதுங்கம்மாவோட அண்ணனா நீங்க?" என்று கேட்டார். அங்கே அவளுக்கு அதுதான் பெயர். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். அந்த நாட்களில் ஆட்கள் படியேறி வந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். "மூச்சு வாங்குறவங்க அறையைக் கொண்டுபோய் மாடியில வெச்சாரே, அந்த மகராசன மட்டும் ஒரு தடவை இங்க ஊதச் சொல்லணும்" என்பாள்.

நான் போயிருந்த அன்று ஒரு பஸ் கண்டக்டர் வந்திருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் குடிப்பீங்க?"

"ரெண்டும்மா."

"ரெண்டு பாக்கெட்டா?"

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "யாரும்மா சொன்னது?"

"உங்க விரல்தான்." அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

நகரத்தில் அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். சிகரெட்டும் பீடியும் விடாத ஆண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், நாள் முழுக்க நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர்கள், சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள். மூன்றாவது படியில் மூச்சு முட்டினால் மறுநாளே வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் வருவது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்த பிறகுதான். அதிலும் பெண்கள் வருவதே இல்லை. இதை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருட நோட்டைப் பெரிய டாக்டரிடம் காட்டி, "ஊருப் பொம்பளைங்களுக்கு இந்த நோயே இல்லையா சார், இல்ல நமக்குத்தான் தெரியலையா?" என்று கேட்டாள்.

பெரிய டாக்டர் நேர்மையான மனிதர். "தெரியலையேம்மா" என்றார். அப்புறம் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். நகரத்தில் ஒரு பகுதி, கிராமத்தில் ஒரு ஊர், இரண்டிலும் நாற்பது வயது தாண்டியவர்களை எண்ணி, ஊத வைத்துப் பார்ப்பது. கிராமத்தில் நோய் இருப்பது தாளில் தெரிந்தால், அந்த ஊரில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலேயே வாரம் ஒரு நாள் நெஞ்சு வைத்தியம் நடக்கும். கருவி வரும், மருந்து வரும், அவளும் வருவாள். கிராமம் எது என்று கேட்டபோது அவள் எங்கள் ஊரைச் சொன்னாள்.

ஏன் எங்கள் ஊர் என்பது எனக்குத் தெரியும். என் மனைவிதான் காரணம்.

என் மனைவிக்கு நாலு வருடமாக இருமல். நடந்தால் மூச்சு வாங்கும். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு எழுநூறு அடி வைக்க வேண்டும். அதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிடுவாள். ஒரு தடவை நகரத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பஸ் மாறி, லிஃப்ட் வேறு அன்று ஓடாமல், மாடி ஏற முடியாமல் ஊதாமலே திரும்பி வந்து, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. "இனிமே என்னை அங்க தூக்கிட்டுப் போறதா இருந்தா, திரும்பி வர வேணாம்னு முடிவு பண்ணிட்டுத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டாள். நடந்து போகிற தூரத்தில் வைத்தியம் வந்தால் உண்டு. இல்லையென்றால் அவளுக்கு வைத்தியமே கிடையாது. நிலைமை அவ்வளவுதான்.

டாக்டரும் தங்கையும் வந்து, எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் உட்கார்ந்தார்கள். முதலில் கேள்விகள். அச்சடித்த தாளைப் பார்த்து டாக்டரே கேட்டார்.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

பால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு ஆம்பளையே என் பயத்துல விட்டுட்டாரு. நான் குடிக்கிறனான்னு கேக்குறீங்களே!"

"வீட்டுல என்ன அடுப்பு?"

"கேஸ்தான்."

எல்லோரும் கேஸ்தான் என்றார்கள். விறகு எரிப்பது தெரிந்தால் சலுகையில் கொடுத்த கேஸ் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பிவிட்டது என்று யாருக்கும் தெரியாது. நம்பாதவர்களும் கிடையாது.

என் வீட்டு முறை வந்தது. மனைவிக்குப் பதிலாக நான் முந்திக்கொண்டு, "கேஸ்தான் சார்" என்றேன். எனக்கு அந்தப் பயம் இல்லை. தங்கை பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்றாள். அவளுடைய டாக்டருக்கு முன்னால், இவள் பிறந்த வீட்டில் இன்னும் விறகு அடுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு அந்த கேஸ் அடுப்பே அவள் வாங்கிக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதைத் தன் கையால் பொருத்தி, ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போனாள். அவள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அது எரியும். மற்ற ஆறு நாளும் பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட தாழ்வாரத்தில், விறகு அடுப்புதான். பட்டறையில் துண்டுக் கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. பழைய ஜன்னல் சட்டம், கதவு முனை, இழைத்த சுருள். சும்மா கிடக்கிற கட்டையை விட்டுவிட்டு கேஸை எரிப்பானேன் என்பது எங்கள் இருவரின் கணக்கு.

பிறகு ஊதும் வேலை. ஆண்கள் எப்படியோ ஊதிவிட்டார்கள்; நோய் என்று சொல்லும்படி அவர்களில் யாருக்கும் இல்லை. பெண்கள்தான் பாடாய்ப் படுத்தினார்கள். ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொன்பது பேர் ஊதியதைக் கருவி ஒத்துக்கொள்ளவில்லை. குழலை வாயில் வைப்பார்கள், புஸ் புஸ் என்று துண்டு துண்டாக ஊதுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி ஊதுவார்கள். தங்கை எத்தனை கத்தியும் பயனில்லை. என் மனைவியும் அப்படித்தான். ஐந்து தடவை ஊதி, அப்புறம் இருமல் வந்து, "போதும் விடு அரம், கொன்னுடாத" என்று எழுந்துவிட்டாள். அந்த முப்பத்தொன்பது தாளிலும் டாக்டர் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி ஒதுக்கினார். மீதிப் பத்தொன்பது பேரில் ஒருத்திக்கும் நோய் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் டாக்டர் தாள்களைக் கட்டியபடி சொன்னார். "நான் என்னம்மா பண்ண? புகை பிடிக்கிறவங்க இல்ல. எல்லார் வீட்டுலயும் கேஸ். ஊதினவங்க எல்லாம் நல்லாயிருக்காங்க. உங்க ஊருல நோயே இல்லன்னு இந்தத் தாள் சொல்லுது. இதை வெச்சு நான் எப்படி வாரம் ஒரு நாள் கேக்குறது?"

"எங்க அண்ணி இருமுறது உங்களுக்கே கேட்டுச்சே சார்?"

"கேட்டுச்சு. இருமலைத் தாள்ல ஒட்ட முடியாதேம்மா."

"இந்தத் தாளை எப்ப அனுப்பணும் சார்?"

"திங்கக்கெழம."

அன்று செவ்வாய். அவள் தன் சொந்த லீவில் நாலு நாள் கேட்டு, கருவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் ஞாயிறு அல்ல, புதன்கிழமை; விறகு அடுப்பு எரிகிற நாள். அவள் எழுவதற்கு முன்னால், வழக்கம்போல என் மனைவி தாழ்வாரத்தில் சமையலை முடித்துவிட்டு, பாத்திரங்களைக் கொண்டுவந்து கேஸ் அடுப்பின் மேல் வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அரம் தாள்களைத் தரையில் பரப்பினாள். அவளுக்கு ஒரு பழக்கம். தோற்ற ஒவ்வொரு ஊதலுக்கும் ஓரத்தில் பென்சிலால், எப்படித் தோற்றது என்று எழுதி வைப்பாள். 'பாதியில் விட்டார்', 'உதட்டோரம் காற்று போனது', 'சிரித்தார்'. யாரும் கேட்டு எழுதுவதில்லை. அவளாக எழுதுவது. அப்பாவிடம் இருந்தது அந்தப் புத்தி. உடைந்த மரத்தைத் தூக்கிப் போடுமுன் எங்கே உடைந்தது என்று பார்ப்பார்.

"அண்ணே, இங்க பாருங்க. முப்பத்தொன்பதுல முப்பத்தொண்ணு. ஒரே மாதிரி எழுதியிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். 'முகத்தைத் திருப்பினார்.' 'முகத்தைத் திருப்பி மூச்சு இழுத்தார்.' 'இடப்பக்கம் திருப்பினார்.' வரிசையாக அதேதான்.

"ஒன்பது வருஷத்துல நகரத்துல ஒரு ஆள்கூட இப்படிப் பண்ணதில்ல. நம்ம ஊரு ஆம்பளைங்களும் பண்ணல. அண்ணி, இங்க வாங்க. ஒரே ஒரு தடவை ஊதிக் காட்டுங்க. கருவி வேணாம், வெறும் குழல்தான்."

"சாப்பிட்ட கை காயுறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி வந்து உட்கார்ந்து, அட்டைக் குழலை வாங்கி வாயில் வைத்தாள். ஒரு ஊது. முகத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு இழுப்பு. மறுபடி நேராக வந்து ஒரு ஊது.

"ஏன் அண்ணி திரும்புறீங்க?"

"நான் எங்க திரும்புனேன்?"

"இப்பத் திரும்புனீங்களே."

"நான் பாட்டுக்கு ஊதுறேன். நீதான் எதையாவது பாத்துக்கிட்டு இருக்க."

அவள் அண்ணியின் தாடையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதச் சொன்னாள். தாடை திரும்பவில்லை. ஆனால் மூச்சை இழுக்கும்போது என் மனைவியின் கண் இரண்டும் தானாக இறுக மூடிக்கொண்டன. என் தங்கை கையை எடுத்துவிட்டாள். அண்ணியின் முகத்தையே பார்த்தாள். கண்டக்டரின் விரலைப் பார்த்தாளே, அந்தப் பார்வை.

"அண்ணி, ஊதுகுழல் எங்க?"

"எந்த ஊதுகுழல்?" என்றாள் என் மனைவி. நான் விட்டத்தைப் பார்த்தேன். விட்டத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அதைப் போட்டவன் நான்தான்.

அரம் எழுந்து பட்டறை வழியாகப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இரும்புக் குழாய் இருந்தது. பழைய கட்டில் காலில் நான் அறுத்துக் கொடுத்தது, பதினெட்டு அங்குலம். ஒரு முனை கறுப்பு. மறுமுனை, பதினைந்து வருடம் வாய் பட்டு, பளபளவென்று இருந்தது.

உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இன்னும் சூடு ஆறல" என்றாள்.

"உங்க அண்ணன்தான் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னாரு" என்று என் மனைவி என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

"நீ வர்ற அன்னிக்கு கேஸ்தாம்மா எரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம மட்டும்தான் அண்ணியோட நுரையீரலுக்கு லீவு" என்றாள் அவள். சிரித்துவிட்டாள். பிறகு குழாயைத் தன் வாயருகே வைத்துக் காட்டினாள். "ஊதுகுழல் வாயில இருக்கும்போது யாரும் மூச்சை இழுக்க மாட்டாங்க அண்ணே. இழுத்தா புகையும் சாம்பலும் உள்ள வரும். அதனால ஊதணும், முகத்தைத் திருப்பணும், அந்தப் பக்கம் இழுக்கணும், மறுபடி ஊதணும். வருஷக்கணக்கா பழகின உடம்பு. எந்தக் குழலைக் கொடுத்தாலும் அதைத்தான் செய்யும். ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டோம். அவங்க வாய் கேஸ்னு சொல்லுச்சு. கழுத்து உண்மையைச் சொல்லிடுச்சு."

தாள்களை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "சரியா ஊதின பத்தொன்பது பேரும் யாருன்னு பாத்தீங்களா? பாதிப் பேர் நகரத்துல இருந்துட்டு வந்தவங்க. மீதிப் பேர் வீட்டுல மருமக சமைக்கிறா. நோய் இருக்கக் கூடியவங்களை மட்டும் சலிச்சு எடுத்து வெளியில தள்ளியிருக்கோம்."

அடுத்த மூன்று நாளும் அவள் செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாளையும் கருவியையும் ஒரு பையில் போட்டாள். இரும்புக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாள். சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாகவும் போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்பக்கமாகப் போய், விறகு அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பால்காரம்மா வீட்டில் நாங்கள் நுழைந்ததுமே அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, தச்சர் தங்கச்சி கொல்லைப்பக்கமா வருது? அடுப்பைப் பாத்து எழுதிட்டுப் போய் கேஸைப் பிடுங்கவா?"

"உங்க அடுப்பை அப்புறம் பாக்கலாம். இது எங்க அண்ணன் வீட்டு ஊதுகுழல். ரெண்டு வருஷமா எங்கிட்டயே மறைச்சு வெச்சிருந்தாரு, இதோ நிக்கிறாரே, இவருதான்."

பால்காரம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அடப்பாவி மனுசா! கூடப் பொறந்தவகிட்டயா?" அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் மானம் அன்று பதினாலு வீட்டில் போனது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சிரிப்பு அடங்கும்போது அடுப்பைப் பற்றிய உண்மை வெளியே வந்துவிடும். எழுதிய ஒவ்வொரு வரியையும் அரம் உரக்கப் படித்துக் காட்டுவாள். "இந்தத் தாள் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாது. போனா எங்கிட்ட வந்து கேளுங்க. நான் எங்க இருப்பேன்னு எங்க அண்ணனுக்குத் தெரியும்."

ஊத வைத்த விதமும் மாறியது. "குழலை மொதல்ல வாயில வைக்காதீங்க. கையில வெச்சுக்குங்க. இப்ப நல்லா மூச்சை இழுத்துக்குங்க, வயிறு நெறைய. இழுத்தாச்சா? இப்ப வைங்க, ஊதுங்க!" முகத்தைத் திருப்பும் வேலையே இல்லாமல் போய்விட்டது. பாதியில் நிறுத்தும் பழக்கத்துக்கு இன்னொரு வழி கண்டுபிடித்தாள். நகரத்தில் போடும் கூச்சலை விட்டுவிட்டு, "ஈர விறகு! ஈர விறகு! நிறுத்தினா அணைஞ்சிடும், விடாதீங்க, பத்திக்கப் போகுது, இன்னும், இன்னும்!" என்று கத்தினாள். ஈர விறகு என்றால் என்னவென்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பால்காரம்மா ஒன்பது நொடி ஊதினாள். ஊதி முடித்து, கண்ணில் தண்ணீரோடு, "பத்திக்கிச்சா?" என்று கேட்டாள்.

முப்பத்தொன்பது பேரில் முப்பத்தாறு பேர் சரியாக ஊதிவிட்டார்கள். அவர்களில் பதினேழு பேருக்கு மூச்சுக்குழாய் குறுகியிருந்தது. பதினேழு பேரில் ஒருத்திகூட வாழ்நாளில் பீடியைத் தொட்டவள் இல்லை.

கடைசியாக என் மனைவி. வேண்டுமென்றே கடைசியில் வைத்தாளோ என்னவோ. மூன்று தடவை சரியாக ஊதினாள். உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னாள். கருவியில் வந்த கோட்டைப் பார்க்கும்போது என் தங்கையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். லீவு நாளிலும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஊதவைப்பாள்.

"சும்மா சொல்லு" என்றாள் என் மனைவி. "எவ்வளவு இருக்கு?"

"பாதி அண்ணி. உங்க வயசுக்கு இருக்க வேண்டியதுல பாதி. போனது திரும்ப வராது. இருக்குறதைக் காப்பாத்திக்கலாம். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. ஆனா அந்தத் தாழ்வாரத்துக்கு நீங்க இனிமே போகக் கூடாது."

என் மனைவி என் பக்கம் கையைக் காட்டி, "பாதி இருக்கா? போதும். இவரோட சண்டை போடப் பாதியே ஜாஸ்தி" என்றாள். நான் பட்டறைக்குள் போய்விட்டேன். அங்கே மூலையில் கட்டைக் குவியல் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அதில் எத்தனையோ துண்டுகள், எந்தக் கதவில் அறுத்தது என்று என்னால் இன்றும் சொல்ல முடியும்.

திங்கட்கிழமை நானும் நகரத்துக்குப் போனேன். பெரிய டாக்டர் மேசையில் அரம் தாள்களை வைத்தாள். அவற்றின் மேல் இரும்புக் குழாயை வைத்தாள்.

"என்னம்மா இது, யாரை அடிக்க?"

"இதை வாயில வெச்சு ஒரு தடவை ஊதுங்க சார். எதிர்ல அடுப்பு புகையுதுன்னு வெச்சுக்குங்க."

அவர் ஊதினார். ஊதிவிட்டு, மறுபடி மூச்சை இழுக்க முகத்தைத் திருப்பினார். திருப்பியபடியே அப்படியே நின்றார். அப்புறம் மெதுவாக நேராகி, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நகரத்துப் பகுதியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே நோய் கண்ட பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் புகை பிடிக்கிறவர்கள்.

"நம்ம கேள்வித்தாள் நகரத்து ஆளுக்குத் தெச்ச சட்டை சார்" என்றாள் அவள். "அதை ஊருக்குக் கொண்டுபோய், பொருந்தலைன்னதும் போட்டவங்க உடம்புதான் தப்புன்னு சொல்லிட்டோம்."

அவர் பேனாவை எடுத்து, தான் எழுதியிருந்த 'ஒத்துழைக்கவில்லை' என்பதை அடித்தார். "இதுக்குப் பதிலா என்ன எழுத?"

"'சரியாகச் சொல்லித்தரவில்லை'ன்னு எழுதுங்க. நான்தானே சொல்லித்தந்தேன்."

முப்பத்தாறு தாளிலும் அவர் அதை எழுதினார். முப்பத்தாறிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். தன் தப்பை இத்தனை தடவை கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட ஒரு ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற எனக்கோ, அன்று டாக்டர் அடுப்பைக் கேட்டபோது ஒரே ஒரு தடவை உண்மை சொல்லவே வாய் வரவில்லை.

வாரம் ஒரு நாள் கிடைத்தது. இப்போதைக்கு ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். புதன்கிழமை காலை. ஊரில் விறகு அடுப்பு ஒரே நாளில் அணைந்துவிடவில்லை. சில வீடுகளில் அடுப்பைக் கூரைக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை. அரம் யாரையும் திட்டுவதில்லை. என் வீட்டில் மட்டும் தாழ்வாரத்துத் தகரத்தை நானே பிரித்து, அடுப்பை இடித்துவிட்டேன். கட்டைகளை என்ன செய்வது என்று யோசித்து, செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "ஏன், சூளையில வேலை செய்றவங்களுக்கு மூக்கு இல்லையா?" என்றாள் அரம். எனவே துண்டுகளை ஒட்டி, சேர்த்து, பெஞ்சு செய்ய ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலிருந்து சின்ன ஆஸ்பத்திரிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. என் மனைவி நிற்கிற இடம் இரண்டு. அந்த இரண்டு இடத்திலும் பெஞ்சு போட்டேன். உயரம் பதினேழு அங்குலம். உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும், எழும்போது முழங்காலுக்குச் சிரமம் இருக்கக் கூடாது.

முதல் புதன்கிழமை நான் பின்னால் நடந்தேன். என் மனைவி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். இரண்டாவது பெஞ்சில் பால்காரம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். "தள்ளி உக்காரு, இது எங்க வீட்டுக்காரர் போட்டது" என்றாள் என் மனைவி. "பொய் சொன்னதுக்கு அபராதமா ஊருக்குப் போட்டது. ஒனக்குன்னு யாரு சொன்னா?" என்றாள் பால்காரம்மா. இரண்டு பேரும் சிரித்து, அதில் இருமி, மூச்சு சீராகும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் என் தங்கை கோட்டோடு நின்றிருந்தாள். நாங்கள் வருவதைப் பார்த்தாள். கைகொடுக்க ஓடி வரவில்லை. அண்ணி எப்படி நடக்கிறாள், எங்கே நிற்கிறாள், எத்தனை நொடி நிற்கிறாள் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாத்தனார்னு ஒரு மரியாதை உண்டா பாருங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றாளா?" என்றாள் என் மனைவி, வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே.

"வாங்க அண்ணி. வரிசையில நாலாவது. உக்காருங்க."

நாலாவதாகத்தான் கூப்பிட்டாள். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, குழலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் மூச்சை இழுத்தாள். பிறகு வாயில் வைத்து ஊதினாள். "ஈர விறகு!" என்று என் தங்கை கத்தியது தெருவரை கேட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நொடி. முகம் திரும்பவில்லை.